அத்தியாயம் 5: வாய்விட்டுச் சொல்லக்கூடிய பெயர்

கினிகத்தேனையில் ஓர் அறையை வாடகைக்குப் பேசிவிட்டீர்கள். உளவளத்துணைப் பயிற்சியின் சான்றிதழ் கையில் இருக்கிறது. நாற்காலிகள் வந்துவிட்டன, கதவுக்குத் திரையும் தைத்தாயிற்று. இனிப் பெயர்ப்பலகை எழுத வேண்டும். பலரும் இந்த வேலையைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டு, பலகை எழுதுபவர் பேனாவோடு நிற்கும்போது வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். மளிகைக் கடைக்கு அது போதும். நம் தொழிலுக்கு அது போதாது. இங்கே வருபவருக்கு முதல் தடை, கட்டணத்துக்கும் தூரத்துக்கும் முன்பே வந்துவிடுகிறது: எங்கே போகிறோம் என்று வீட்டிலும் வழியிலும் சொல்ல வேண்டிய கட்டாயமே அந்தத் தடை.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றே. தோட்டத்திலிருந்து வரும் ஒரு பெண், பஸ்ஸில் பக்கத்து லயத்துக்காரியின் முன்னால், குரலைத் தாழ்த்தாமலும் பொய் சொல்லாமலும் சொல்லக்கூடிய பெயரே நல்ல பெயர். அழகு, பொருள், புதுமை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. யார் வருவார்கள், யாரிடம் சொல்வார்கள்

பெயரை யோசிக்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் இருக்கிறது கினிகத்தேனை. ஒரு பக்கம் கித்துல்கலை, மறுபக்கம் வட்டவளை. நாவலப்பிட்டிக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது. கண்டிக்கும் கொழும்புக்கும் போகும் ஹட்டன் பஸ்கள் இந்த நகரைத் தொட்டே போகின்றன. ஆகவே உங்களிடம் வருபவர்களில் தோட்டத் தமிழர் இருப்பார்கள், சுற்றுக் கிராமங்களின் சிங்களவர் இருப்பார்கள், கடைவீதியின் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கும். ஆசிரியர், சாரதி, கொழும்பில் கடையில் நிற்கும் இளைஞர், வெளிநாட்டு வீட்டுவேலையிலிருந்து திரும்பிய தாய் என்று பலரும் அந்தக் கதவைத் தட்டுவார்கள்.

தோட்டத்திலிருந்து ஒருத்தி உங்களிடம் வந்து சேரும் வழியை ஒருமுறை மனத்தில் நடந்து பாருங்கள். வேலைநாளில் வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போகும், பாதி நாள் வேலை செய்துவிட்டு வந்தால் அரைப் பேர். அதனால் முதலில் கங்காணியிடம் காரணம் சொல்ல வேண்டும். மாமியாரிடம் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் கண்டக்டரிடமும், நகரில் இறங்கி ஆட்டோக்காரரிடமும் இடத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் முன் உட்காருவதற்குள் அவள் உங்கள் நிலையத்தின் பெயரை நாலைந்து பேரிடம் சொல்லியிருப்பாள். அந்த நாலைந்து முறையும் அவளைத் தலைகுனிய வைக்கும் பெயராக இருந்தால், இரண்டாம் முறை அவள் வரமாட்டாள்.

லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. இங்கே இரகசியம் காப்பது தனிப்பட்டவரின் திறமை சார்ந்ததாக இருக்க முடியாது, அதற்கு வெளியிலிருந்து உதவி வேண்டும். உங்கள் பெயரே அவருக்கு அந்த உதவியைச் செய்ய வேண்டும்.

2. பெயர்கள் என்ன செய்யும்: சில வரலாறுகள்

இலங்கையில் 'அங்கொடை' ஓர் ஊர். அங்கே மனநல வைத்தியசாலை இருந்ததால் அந்த ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. பள்ளிக்கூட முற்றத்திலிருந்து பஸ் நிலையம்வரை 'அங்கொடைக்கு அனுப்பணும்' என்பது கேலி. 2008இல் அந்த வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறியது. சிகிச்சை முறை, கட்டடம், பெயர் எல்லாம் மாறிய பிறகும் அந்த வசை இன்னும் வாய்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதே கதி கீழ்ப்பாக்கத்துக்கு நேர்ந்தது. 1794இல் புரசைவாக்கத்தில் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்மாறியது. அதிலிருந்து நூற்றாண்டைக் கடந்தும் அந்த ஊர்ப்பெயர் சினிமா நகைச்சுவையில் அடிபடுகிறது. அந்தச் சினிமாவைப் பார்த்து வளர்ந்த மலையகப் பிள்ளைகளுக்கு இரண்டு வசைகளும் தெரியும்.

இதற்கு எதிர்த்திசையில் போன பெயர்களும் உண்டு. 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய அமைப்புக்கு 'சுமித்ரயோ' என்று பெயர். நல்ல நண்பர்கள் என்று பொருள். இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது 1998வரை சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில் உயிரை வெறுத்து நின்ற ஒருவர் பயமில்லாமல் தொலைபேசியில் உச்சரிக்கக்கூடிய சொல்லாக அது இருந்தது. நோயையும் சாவையும் குறிக்கும் எந்தச் சொல்லும் அதில் இல்லை. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காகத் தொடங்கிய அமைப்பு 'சினேகா'. அதுவும் நட்பையே சொல்கிறது. மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களுக்காக 1993இல் அதே நகரில் வந்த அமைப்பு 'பான்யன்', ஆலமரம். யாழ்ப்பாணத்தின் 'சாந்திகம்' அமைதியைப் பெயராக வைத்துக்கொண்டது. நான்கு பெயர்களும் வருபவரின் குறையைச் சொல்லவில்லை, அங்கே கிடைக்கப்போவதைச் சொல்கின்றன.

இன்னொரு பாடம் லண்டனிலிருந்து. 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணமுள்ளவர்களுக்குத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். 'சமாரிட்டன்ஸ்' என்ற பெயரை அவர் வைக்கவில்லை, டெய்லி மிரர் பத்திரிகை அப்படி எழுதியது, அதுவே நிலைத்தது. மலையகத்தாருக்கு இது புதிதல்ல. துரைமார் தங்கள் தோட்டங்களுக்குக் கெனில்வர்த், கரோலினா, பால்மோரல், ஹோலிரூட் என்று கடல்கடந்த பெயர்களை வைத்தார்கள். வேலை செய்த சனங்கள் பல தோட்டங்களுக்குத் தங்கள் வாய்க்கு வந்த தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள். தோட்டங்களைப் பட்டியலிட்ட பெர்குசன் டைரக்டரி அந்தத் தமிழ்ப் பெயர்களையும் பக்கத்தில் அச்சிட்டது. பலகையில் இருப்பது ஒன்று, வாயில் வழங்குவது இன்னொன்று என்பது இங்கே பழைய வழக்கம். உங்கள் பெயர் நீளமாகவோ புரியாததாகவோ இருந்தால் சனங்கள் 'பைத்தியத்துக்குப் பாக்குற எடம்' என்று தாங்களே ஒன்றை வைத்துவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

3. பெயரின் வகைகள்

*சொந்தப் பெயர்.* உங்கள் பெயரும் கீழே 'உளவளத்துணையாளர்' என்ற சொல்லும் மட்டும். சிறிய ஊருக்கு இது மிகவும் பொருந்தும். எப்படியும் சனங்கள் 'மிஸ்ஸப் பாக்கப் போறேன்', 'சேரைப் பாக்கணும்' என்றுதான் சொல்வார்கள். ஆசிரியரையும் அப்படியே சொல்வதால் யாருக்கும் உறுத்தாது. குறைகளும் உண்டு. உங்கள் பெயரிலிருந்தே இனம், மதம் தெரிந்துவிடும், சில வேளை குடும்பமும் சாதியும்கூடத் தெரியும். நாளை இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டாலோ ஊர் மாறினாலோ பெயர் கூட வராது. குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களோடு வேலை செய்வதாயிருந்தால், உங்கள் முழுப்பெயர் வீதியில் தொங்குவது பாதுகாப்பா என்றும் யோசியுங்கள்.

*இடப்பெயரும் சேவைப்பெயரும்.* 'கினிகத்தேனை உளவளத்துணை நிலையம்' போல. தெளிவானது, தேடுவோருக்கு உடனே கிடைக்கும். ஆனால் அரச அலுவலகம் என்று நினைத்து இலவசமாக எதிர்பார்த்து வருவார்கள். பிரதேச செயலகத்திலேயே உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பதால் இந்தக் குழப்பம் நிச்சயம். 'உளவளத்துணை' என்பது படிவங்களில் நிலைபெற்ற சொல், லயத்தில் 'கவுன்சிலிங்' என்றுதான் சொல்வார்கள். பெரிய எழுத்தில் வேறொரு பெயர், சிறிய எழுத்தில் 'உளவளத்துணை – கவுன்சிலிங்' என்று இரண்டையும் போடுவதே நடைமுறைக்கு நல்லது.

*உணர்வைச் சொல்லும் பெயர்.* ஆறுதல், நிம்மதி, சாந்தி, நிழல், துணை. வாய்க்கு எளிது, மனத்துக்கும் இதம். பலரும் இதையே தேடிப்போவதால் ஏற்கெனவே யாராவது வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதோடு, அந்தச் சொல் ஒரு வாக்குறுதியாகிவிடாமல் பாருங்கள். 'நிம்மதி' என்று எழுதினால் முதல் நாளே நிம்மதியை எதிர்பார்த்து வருபவர் இருப்பார். 'ஆறுதல்' அவ்வளவு கேட்பதில்லை.

*இயற்கைப் பெயர்.* இங்கேதான் வெளியூர்க் கண் நம்மை ஏமாற்றும். உல்லாசப் பயணிக்குக் கொழுந்து பச்சை நிறம், அதைப் பறிப்பவளுக்குக் கிலோக் கணக்கு. உல்லாசப் பயணிக்கு மலை ஒரு காட்சி, தோட்டத்தில் 'மலைக்குப் போறேன்' என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். நாள் முழுக்கக் கூடை சுமந்தவளை மறுபடியும் 'கொழுந்து' என்று எழுதிய வாசலுக்கு அழைக்காதீர்கள். பாறைமுனை, நீர்வீழ்ச்சி, பள்ளத்தாக்கு, ஆறு போன்ற பெயர்களையும் விட்டுவிடுங்கள். சாகும் எண்ணத்தோடு வருபவருக்கு உயரமும் ஆழமும் வேறு எதையோ நினைவூட்டலாம். மரம், நிழல், திண்ணை, விளக்கு, மழைக்கு ஒதுங்கும் இடம் ஆகியவற்றில் இந்த ஆபத்து இல்லை.

*தெய்வப்பெயர், ஞாபகார்த்தப் பெயர்.* மாரியம்மனையும் ரோதமுனியையும் கும்பிடுபவர், தேவாலயத்துக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், பன்சலைக்குப் போகிறவர் எல்லோரும் உங்கள் படியேற வேண்டும். ஒரு மதத்தின் பெயர் மற்ற மூவருக்கும் கதவைப் பாதி சாத்துகிறது. அப்பா அம்மாவின் நினைவாகப் பெயர் வைக்கும் ஆசை நம் சனங்களிடம் நிறைய உண்டு, அது நல்ல ஆசை. ஆனால் 'ஞாபகார்த்த' என்ற சொல் வாசலிலேயே சாவைப் பேசுகிறது. அந்த நன்றியை உள்ளே ஒரு படமாக மாட்டுங்கள்.

4. தவிர்க்க வேண்டிய சொற்கள்

பின்வரும் சொற்களில் கெட்ட சொல் எதுவும் இல்லை. நம் நாட்டில், நம் மலையில் அவை ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

• புனர்வாழ்வு. 2009இல் போர் முடிந்த பிறகு இந்த நாட்டில் இந்தச் சொல் முகாமையும் கண்காணிப்பையும் நினைவூட்டுகிறது. போதைப்பழக்கத்துக்காகக் கட்டாயமாக அனுப்பப்படும் இடத்துக்கும் அதே சொல்தான்.

• இல்லம், ஆசிரமம், கருணாலயம். அநாதைப் பிள்ளைகள் அல்லது முதியோர் தங்கும் இடம் என்று நினைப்பார்கள். 'என்னை அங்க விட்டுட்டு வந்துருவாங்களா?' என்று ஒரு கிழவி பயந்தால் குற்றம் உங்கள் பலகையினுடையது.

• பவுண்டேஷன், நிதியம், நிவாரணம். அரிசி மூட்டையும் கூரைத் தகரமும் கொடுக்கும் இடம் என்று எதிர்பார்ப்பார்கள். கட்டணம் என்றதும் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

• முன்னணி, சங்கம், எழுச்சி, விடியல். தொழிற்சங்கமும் கட்சியும் தோட்ட வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு பக்கத்தின் சாயல் விழுந்தால் மறுபக்கத்தார் வரமாட்டார்கள். பலகையின் நிறத்திலும் சின்னத்திலும் இதே கவனம் வேண்டும். சேவல் ஒரு தொழிற்சங்கத்தின் சின்னம், அந்தப் படத்தை அழகுக்காகக்கூடப் போடாதீர்கள்.

• ஆலோசனை நிலையம் (தனியாக). வெளிநாட்டு வேலை ஏஜென்சியும் சோதிடரும் இதே சொல்லைப் பாவிக்கிறார்கள்.

• குணமாக்கல், விடுதலை, அற்புதம். கோடாங்கியிடமும் சுகமளிக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் போய்வந்தவர்களே பெரும்பாலும் உங்களிடம் வருவார்கள். அவர்கள் அங்கே கேட்ட சொல்லையே நீங்களும் சொன்னால் உங்கள் வேலை என்னவென்று விளங்காது.

• மனநோய், பைத்தியம், மூளை, நரம்பு. விளக்கம் தேவையில்லை.

• கிளினிக், மெடிக்கல், ஹொஸ்பிட்டல். 'கிளினிக் போறேன்' என்பது தோட்டத்தில் வெட்கமில்லாமல் சொல்லும் வார்த்தை. பிரஷர் கிளினிக்குக்கும் சீனி கிளினிக்குக்கும் மாதந்தோறும் போகிறார்கள். அந்த வகையில் நல்ல சொல். ஆனால் அது மருத்துவச் சேவையைக் குறிக்கும், அதற்கென உள்ள சட்டத்தைப் பற்றிக் கீழே பார்ப்போம். நீங்கள் வைத்தியர் இல்லையென்றால் வைத்தியர் என்று எண்ணவைக்கும் எந்தச் சொல்லும் பலகையில் இருக்கக் கூடாது.

5. மூன்று மொழிக் காதில்

பலகையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஆகவே பெயர் மூன்று காதுகளிலும் விழும். தமிழில் இனிக்கும் சொல் சிங்களக் காதில் என்னவாகிறது என்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

'அகம்' தமிழில் உள்ளமும் வீடும் ஆகும் அருமையான சொல். ஆங்கில எழுத்தில் எழுதினால் சிங்களம் பேசுபவர் அதை 'ஆகம' என்று படிப்பார், அதற்கு மதம் என்று பொருள். மதமாற்ற வேலையோ என்று சந்தேகம் எழும். 'துணை' என்பதைச் சிங்களக் காது 'துனயி' என்று கேட்கும், மூன்று என்று அர்த்தம். இது கேலிக்கிடமே தவிர ஆபத்தில்லை. 'வாசல்' ஆங்கில எழுத்தில் 'வசல' என்று படிக்கப்படலாம். சிங்களத்தில் அது இழிந்தவன் என்ற வசை. இந்தப் பெயரை வைத்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பது எவ்வளவு வேதனை! 'சாந்தி' இரு மொழிக்கும் பொது, ஆனால் சிங்களத்தில் 'சாந்திகர்ம' என்றால் பேயோட்டும் சடங்குகளும் அதில் அடக்கம்.

இரு மொழிக்கும் பொதுவாக, மாறாமல் ஒலிக்கும் சொற்கள் உண்டு: மித்ர, சரண, சுக போன்றவை. பொதுச்சொல் என்பதாலேயே அவற்றைப் பலர் எடுத்திருப்பார்கள். 'மித்ரா' என்று வைக்க நினைத்தால் ஒரு பக்கம் சுமித்ரயோ, இன்னொரு பக்கம் போதையிலிருந்து மீட்கும் 'மிதுரு மிதுரோ' இருப்பதை நினைவில் வையுங்கள். அவற்றின் கிளையென்று யாரும் எண்ணும்படி விடக் கூடாது.

இதற்கு அகராதி போதாது. கடைவீதியில் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம், ஆங்கில எழுத்தில் எழுதிய துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் உச்சரித்துக் காட்ட வேண்டாம்.

6. ஏழு சோதனைகள்

மூன்று பெயர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இந்த ஏழிலும் நிறுத்திப் பாருங்கள்.

1. பஸ் சோதனை. 'எங்க போற?' என்று கேட்டால் பதிலாகச் சத்தமாகச் சொல்லுங்கள். குரல் தானாகத் தாழ்ந்தால் பெயர் தோற்றது.

2. ஆட்டோ சோதனை. ஒரே தடவையில் ஆட்டோக்காரருக்குப் புரிய வேண்டும். மூன்று சொல்லுக்கு மேல் போனால் அவர் சுருக்குவார்.

3. தொலைபேசிச் சோதனை. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையிலிருந்து ஒருவரைப் பேசச் சொல்லி, பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதியது சரியா?

4. கடிதச் சோதனை. லயங்களுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. உறையின் மூலையில் உங்கள் பெயரைப் பார்க்கும் கிளாக்கர் என்ன நினைப்பார்?

5. போன் திரைச் சோதனை. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. உங்கள் குறுஞ்செய்தியைக் கணவரோ மகனோ முதலில் பார்க்கலாம். அனுப்புநர் பெயராக அந்தச் சொல் தெரிவதால் உங்களிடம் வரும் பெண்ணுக்கு அடி விழுமா? விழுமென்றால் செய்திகளில் பயன்படுத்த இன்னும் மௌனமான சுருக்கம் வேண்டும்.

6. பள்ளிக்கூடச் சோதனை. ஓ.எல். வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். பட்டப்பெயர் கட்டுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. அவர்கள் ஐந்து நிமிடத்தில் கட்டும் கேலியையே ஊர் ஐந்து வருடம் சொல்லும்.

7. உண்மைச் சோதனை. பெயரைக் கேட்டு வருபவர் எதிர்பார்ப்பதும் நீங்கள் உண்மையில் கொடுப்பதும் ஒன்றா? வெட்கத்தை மறைக்க உதவும் பெயர் வேண்டும், ஏமாற்றும் பெயர் கூடாது. தையல் வகுப்பு என்று எழுதிவிட்டு உள்ளே உளவளத்துணை செய்வது நம்பிக்கையின் வேரையே வெட்டும்.

இந்தச் சோதனைகளுக்கு உங்கள் நண்பர்களும் உடன் படித்தவர்களும் போதாது. அவர்கள் உங்கள் மனம் நோகக் கூடாதென்று தலையாட்டுவார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு மூத்த அம்மா, ஓ.எல். படிக்கும் ஒரு பிள்ளை, கடைவீதியில் ஒரு சிங்கள முதலாளி ஆகிய மூவரிடம் கேளுங்கள். மூவரும் ஒருமுகமாக முகம் சுளிக்காத பெயரே மிஞ்சட்டும்.

7. பதிவு

வியாபாரப் பெயர். தனி ஒருவராகத் தொடங்குபவர் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் வழியாகப் பதிய வேண்டும். இதற்கு அடிப்படை 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். மாகாண சபைகள் வந்த பிறகு இது மாகாணத்தின் கைக்கு வந்தது. தேசிய அடையாள அட்டை, இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வேறு என்ன வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதைச் செயலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை, சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்காதீர்கள். கையில் கிடைக்கும் சான்றிதழை நிலையத்தில் எல்லோரும் காணும்படி மாட்டுங்கள். நிலையத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் அதுதான் தேவை.

கம்பனி. இருவர் மூவர் சேர்ந்து கம்பனியாகத் தொடங்கினால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பொருந்தும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடலாம். 'தேசிய', 'அரச', 'ஸ்ரீலங்கா', 'ஜனாதிபதி' போல அரசோடு தொடர்பு காட்டும் சொற்களை அனுமதியின்றி வைக்க முடியாது. தனி ஒருவராகத் தொடங்குபவரும் அந்தச் சொற்களைத் தொடாமல் இருப்பதே நல்லது.

குறியின் பாதுகாப்பு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பெயரையும் சின்னத்தையும் வர்த்தகக் குறியாகப் பதியலாம். ஒரு பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஊர்ப்பெயரையும் சேவையின் பொதுப்பெயரையும் மட்டும் சேர்த்த பெயருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைப்பது கடினம். தொடங்கும்போதே இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை, இரண்டாவது கிளை திறக்கும் எண்ணம் வரும்போது செய்யுங்கள்.

மருத்துவச் சேவை என்று ஆனால். தனியார் மருத்துவ நிறுவனங்களின் பதிவு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைக் கவனிப்பது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை. வைத்தியர் ஒருவர் உங்கள் நிலையத்தில் நோயாளரைப் பார்க்கப்போகிறார் என்றாலோ, பெயரில் 'கிளினிக்' வரப்போகிறது என்றாலோ, பலகை எழுதுவதற்கு முன்பே மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இணையம். '.எல்கே' முகவரி கிடைக்கிறதா என்று பாருங்கள். 2010இலிருந்து '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இருக்கிறது. முகநூலில் அதே பெயரில் துணிக்கடையோ கிரிக்கெட் கழகமோ இருந்தால் உங்கள் பக்கத்தைத் தேடுபவர் அங்கேதான் போய் நிற்பார்.

ஒரே எழுத்துக்கூட்டல் எல்லா ஆவணத்திலும் இருக்கட்டும். சான்றிதழில் ஓர் எழுத்து, வங்கியில் வேறு எழுத்து, பற்றுச்சீட்டில் இன்னொன்று என்றால் ஒவ்வொரு முறையும் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் ஒரு பெயருமாக அலைந்த குடும்பங்கள் மலையகத்தில் நிறைய. அந்த அலைச்சல் உங்கள் நிலையத்துக்கு வேண்டாம்.

8. பலகையும் சீட்டும்

கினிகத்தேனை நகரம் அம்பகமுவ பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. வீதியைப் பார்த்து வைக்கும் பலகைக்குச் சபையின் அனுமதி கேளுங்கள். ஏ7 வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு, வீதியோர நிலத்தில் கம்பம் நட முன் அங்கும் கேட்க வேண்டும். இந்த ஊர் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. மெல்லிய பிளாஸ்டிக் பலகையில் பாசி சீக்கிரம் பிடிக்கும். மழையிலும் மூடுபனியிலும் பஸ் ஜன்னலிலிருந்து படிக்கும் அளவுக்கு எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்றால் பெயர் சிறிதாக இருந்தே ஆக வேண்டும். மூன்று மொழி எழுத்தும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தமிழைச் சிறிதாக்கினால் தோட்டத்தாரும், சிங்களத்தைச் சிறிதாக்கினால் கிராமத்தாரும் கவனிப்பார்கள்.

பலகையில் நோய்களின் பட்டியல் எழுதாதீர்கள். 'மன அழுத்தம், குடிப்பழக்கம், குடும்பப் பிரச்சினை' என்று வரிசையாக எழுதினால், உள்ளே போகிறவர் எதற்காகப் போகிறார் என்று வெளியே நிற்பவர் ஊகிக்கத் தொடங்குவார். அந்தப் பட்டியலை உள்ளே கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் வையுங்கள். பற்றுச்சீட்டிலும் அடுத்த வருகைக்கான அட்டையிலும் பெயர், திகதி, நேரம் மட்டும் போதும்.

9. ஒரு தேர்வைச் செய்து பார்ப்போம்

பட்டியலில் ஐந்து பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'புதுவாழ்வு', 'அகம்', 'பசுங்கொழுந்து', 'கினிகத்தேனை மனநல நிலையம்', 'திண்ணை'.

'புதுவாழ்வு' குடியை விடவைக்கும் இடம் என்று கேட்கும், பழைய வாழ்வு கெட்டது என்ற தீர்ப்பும் அதில் ஒட்டியிருக்கிறது. 'அகம்' சிங்களக் காதில் மதமாகும். 'பசுங்கொழுந்து' வேலைக்களத்தை வாசலுக்குக் கொண்டுவரும். நான்காவது தெளிவானது, ஆனால் பஸ் சோதனையிலும் கடிதச் சோதனையிலும் தோற்கும், அரச நிறுவனம் என்றும் எண்ணவைக்கும். 'திண்ணை' சிறியது. உட்கார்ந்து பேசும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். 'திண்ணைக்குப் போறேன்' என்று சொல்லலாம், அதில் பொய்யும் இல்லை. சிங்களம் பேசுபவருக்குப் பொருள் தெரியாது, ஆகவே கீழே சிங்களத்தில் சேவை தெளிவாக எழுதப்பட வேண்டும். இந்த ஐந்தில் என் தெரிவு அதுதான். உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், பதிவேடுகளில் தேடிப் பார்த்த பிறகே எதையும் உறுதிசெய்யுங்கள்.

பெயரைப் பிறகு மாற்றினால் சான்றிதழ், வங்கி, பலகை, முகவரி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதைவிட, பழைய பெயரை நம்பி வந்தவர்கள் வழிதவறுவார்கள். இரண்டு வாரம் கூடுதலாக யோசிப்பதில் நட்டமில்லை. ஆனால் பெயர் சரியாக வரவில்லை என்று திறப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். சொந்தப் பெயரில் தொடங்கி, ஊர் உங்களை எப்படி அழைக்கிறது என்று கேட்டுப் பிறகும் முடிவெடுக்கலாம்.

நல்ல பெயர் ஒருவரை ஒருமுறை உள்ளே வரவைக்கும். அவர் மறுபடி வருவது, உள்ளே சொன்னது வெளியே போகவில்லை என்று தெரிந்த பிறகே. ஆகவே பெயருக்குக் கொடுத்த கவனத்தைப் போலப் பல மடங்கை இரகசியம் காப்பதற்குக் கொடுங்கள், அடுத்த அத்தியாயம் அதைப் பற்றியது. கடைசியாக ஒரு வேண்டுகோள். பலகையின் அடியில் 1926 என்ற எண்ணையும் எழுதுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது. நீங்கள் இல்லாத வேளையில் வந்து நிற்பவருக்கு அந்த எண் உங்கள் பெயரைவிட அவசியம்.